இருபத்துநாலு மணி

“யாரு எழுதினது? மறைக்காம சொல்லு!”

கைத்தடி மேசைமேல் ஓங்கி விழுந்தது. எதிரில் நின்றிருந்த பெண் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

“நான்தாங்கய்யா.”

“அப்படிப் போடு! நேத்துக் கூட்டத்துல நான் பேசினது பிரமாதமாம். தலைவரே போன் பண்ணிச் சொன்னாரும்மா.” நல்ல சேதி சொல்வதற்கும் அவருக்கு அந்த ஒரு குரல்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் போலீசில் கத்திய தொண்டை.

போலீசில் அவருக்கு ‘இருபத்துநாலு மணி’ என்று பட்டப்பெயர். எந்தக் குற்றம் நடந்தாலும் அத்தனை மணி நேரத்துக்குள் யாரிடமாவது ஒரு வாக்குமூலம் வாங்கிவிடுவார். அந்த ஆள்தான் குற்றவாளியா என்பது இருபத்தைந்தாவது மணிக்கான கேள்வி. அதற்கு அவருக்கு நேரம் இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரமே கட்சியில் சேர்ந்து, நாடாளுமன்ற உறுப்பினரும் ஆகிவிட்டார். ஐந்து வருஷத்தில் அங்கே அவர் சொந்தமாகச் செய்தது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதுதான். மற்றதையெல்லாம் உதவியாளரான இந்தப் பெண் எழுதுவாள், அவர் வாசிப்பார்.

இன்று இரண்டாம் முறை வேட்புமனு. மூன்று மணிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

கூரியர்காரர் ஒரு உறையை நீட்டினார். அவள் ரசீதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

“ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியாம்மா?”

“எங்க வீட்டுல ஒருத்தர் படிக்காம போட்டுட்டாருங்கய்யா. இன்னும் அனுபவிக்கிறோம்.”

“எதுல, கல்யாண ரிஜிஸ்டர்லயா?” தன் நகைச்சுவைக்குத் தானே வயிறு குலுங்கச் சிரித்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. விசாரிக்கும் பழக்கம் அவருக்கு வேலையில் இருந்தபோதே கிடையாது.

நோட்டரி வக்கீல் முத்திரைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். அவள் தாள்களின் அடிப்பகுதியை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, உறுப்பினர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

“எல்லாத்தையும் படிச்சுப் பாத்து, உங்க சொந்த விருப்பத்தோடதான் போட்டீங்களா?” வக்கீல் முறைப்படி கேட்டார்.

“ஆமா, ஆமா.” அவர் கண்ணடித்தார். “இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் எத்தனை பேருக்கு ட்ரெய்னிங் குடுத்திருக்கேன் தெரியுமா வக்கீலே? ‘ஜட்ஜ் கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு. மாத்திச் சொன்னே, திரும்ப எங்கிட்டதான் வரணும்.’ பங்களா கொலைக் கேஸ்ல அந்த டெய்லர் அப்படியே ஒப்பிச்சான். அதுக்குத்தான் எனக்கு மெடல். ஒன்பது வருஷமா உள்ளதான் கிடக்கான்.”

கொலைகாரன் டெய்லர்தானா என்று வக்கீல் கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் முத்திரை குத்தினார். ஏழு தாள், ஏழு முத்திரை. அவள் அவற்றை இரண்டு உறைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மனுத் தாக்கல் கோஷமும் கைகுலுக்கலுமாக முடிந்தது. இன்னும் ஐந்து வருஷம் கவலையில்லை என்று மறுநாள் அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது தலைவரிடமிருந்து போன் வந்தது. இன்னொரு பாராட்டு என்று நினைத்து, அவளும் கேட்கட்டுமே என ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏன்யா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? டெய்லர் மேல தப்பே இல்ல, அடிச்சு மிரட்டித்தான் வாக்குமூலம் வாங்கினேன்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கியே! நோட்டரி முத்திரை வேற! டிவி பூரா அதான் ஓடுது. கேஸை மறுபடியும் எடுக்கறாங்களாம். மரியாதையா மனுவை வாபஸ் வாங்கிட்டு வீட்டுல உக்காரு.”

போன் துண்டிக்கப்பட்டது. கைத்தடி நழுவித் தரையில் உருண்டது. எடுத்துக் கொடுக்க யாரும் குனியவில்லை.

“யாரு எழுதினது? சத்தியமா நான் அதைப் படிக்கவே இல்லையே!” என்று அலறினார்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்கப்பாவும் அதையேதாங்கய்யா சொன்னாரு.”