நைரோபியில மழை

"இஞ்சை ஒரே மழை அம்மா. றோட்டெல்லாம் வெள்ளம், பஸ்காரர் ஹோர்ன் அடிச்சே சாகினம். கேக்குதோ?" எண்டான் ஹரிசன். பின்னால நைரோபி பஸ்ஸுகள் பாம் பாம் எண்டு கத்திக்கொண்டு நிண்டுதுகள்.

"கேக்குது, கேக்குது. உந்தச் சத்தத்துக்கை இருந்து எப்பிடித்தான் கொம்பியூட்டர் வேலை செய்யிறியோ" எண்டா தாய் பூமணி. போனில ஒஸ்லோவில அவவின்ர பியோர்ண்டால் வீட்டுக் குசினி தெரிஞ்சிது. மனுசியின்ர கண் ரெண்டும் சிவந்து போய்க் கிடந்திது.

"ஏனம்மா கண் சிவந்திருக்கு?"

"தூள் வறுக்கிறன். காரம் ஏறிட்டுது." சொல்லி வாய் மூடேல்லை, புகை அலாரம் கீ கீ எண்டு கத்தத் துவங்கிட்டுது. மனுசி துவாயைத் தூக்கிக்கொண்டு கதிரையில ஏறி விசுக்கு விசுக்கெண்டு விசுக்கினதைப் பார்த்து மோன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

"தனி ஆளுக்கு என்னத்துக்கு உவ்வளவு தூள்? கீழ் வீட்டு நோர்வேக்காரன் நெருப்பணைக்கிற ஆக்களுக்குப் போன் அடிக்கப் போறான்."

"அடிக்கட்டும். வாறவைக்கும் ரெண்டு இடியப்பம் குடுத்து விடுறன். அது கிடக்க, வீட்டுக்குள்ளயும் என்ன தொப்பி?"

"இஞ்சத்தைய ஃபாஷன் அம்மா." கதவு திறக்கிற சத்தம் கேட்டிது. "ஐயோ, மீட்டிங் துவங்கப் போகுது. சாப்பிட்டிட்டு ரெண்டு மணிக்கு எடுக்கிறன், என்ன?"

போனை வைச்சிட்டு லாப்டாப்பில ஒரு பட்டனைத் தட்டினான். நைரோபி நிண்டு போச்சு.

உள்ளுக்கு வந்தது நேர்ஸ் பிள்ளை. நோவுக்கு ஏத்திற மருந்துப் பையை மாத்திப்போட்டு, தொப்பியைக் கழட்டி, மொட்டைத் தலையில வேர்வையைத் துடைச்சு விட்டிது. ஜன்னலுக்கு வெளியில ஒஸ்லோ. பனி கொட்டோ கொட்டெண்டு கொட்டுது, கீழ ட்ராம் ஒண்டு மெல்ல ஊர்ந்து போகுது. தாயின்ர வீடு இஞ்சையிருந்து பஸ்ஸில நாப்பது நிமிசம்.

முழுப் பொய்யெண்டும் சொல்லேலாது பாருங்கோ. ரெண்டு வருசம் பெடியன் உண்மையாவே நைரோபியில இருந்தவன். ஒஸ்லோக் கொம்பனி வேலையை அங்கை ஒரு வாடகை வீட்டில இருந்து செய்தவன். பல்கனியில நிண்டு மழையையும் ஹோர்னையும் தாய்க்குக் காட்டவெண்டே போனில பிடிச்சு வைச்சவன். ஆவணியில காய்ச்சல் வந்திது, ரத்தத்தில புற்று எண்டிச்சினம். வந்து இந்தக் கட்டிலில படுத்தவன்தான். இப்ப மார்கழி. நேற்று டொக்டர் கட்டிலடியில வந்து குந்தி இருந்து, இனி மருந்து கேக்காது, கிழமைக் கணக்குத்தான் எண்டிட்டார்.

மத்தியானம் இளங்கோ வந்தான். உண்மை தெரிஞ்ச ஒரே கூட்டாளி. மூண்டு மாசமா ஒரு நாள் தவறாமல், வேலை இடைவேளையில சாப்பாட்டுப் பெட்டியோட ஓடி வருவான். பெண்சாதி நந்திதா காய்ச்சிறதாம்.

மூடியைத் திறந்தான். குழைஞ்ச சோறும், வருத்தக்காரருக்கெண்டு வைக்கிற சரக்குக் கறியும்.

"கோயம்புத்தூர்ப் பிள்ளை எங்கட சரக்குக் கறி காய்ச்சுது. உன்ர மனுசி பெரிய ஆள்தான்ரா."

"யூடியூப் பார்த்துப் பழகினவள்" எண்டிட்டு இளங்கோ ஜன்னல் பக்கம் திரும்பினான்.

மூண்டு கரண்டி போச்சு. நாலாவது இறங்கேல்லை. வாயெல்லாம் புண். "மிளகு கூடிப்போச்சு மச்சான், எரியுது. நந்திதாட்டைச் சொல்லிப்போடாதை, பாவம்."

"நந்திதாவை விடு. அம்மாட்டைச் சொல்லடா. இனி எப்ப சொல்லப் போறாய்?"

"அப்பாவை இதே ஆஸ்பத்திரியிலதான், மேல் மாடியில, பக்கத்தில இருந்து கையைப் பிடிச்சு அனுப்பினவ. திரும்பவும் அந்தக் கதிரையில கொண்டந்து இருத்தச் சொல்லுறியோ?" மூச்சு வாங்கிச்சுது அவனுக்கு. "நான் எங்கயோ மழைக்கை நிக்கிறன் எண்டு நினைச்சுச் சிரிக்கட்டும். ஏலுமான மட்டும் சிரிக்கட்டும்."

இளங்கோ பெட்டியை மூடிக்கொண்டு போனான்.

ரெண்டு மணிக்கு ஹரிசன் தொப்பியைப் போட்டான். பட்டனைத் தட்டினான். நைரோபியில திரும்ப மழை.

"சாப்பிட்டியோ ராசா?"

"ஓம் அம்மா. உகாலியும் கீரையும். எங்கட களி மாதிரித்தான் கிடக்கும்."

"வயிறு நிறையச் சாப்பிட்டியோ?"

"ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனான்."

தாயின்ர குசினியில அலாரமும் இல்லை, அடுப்பும் எரியேல்லை.

"அம்மா... கிறிஸ்மஸ் லீவுக்கு வரேலாது போலை. கொம்பனியில விடமாட்டினமாம். கோவிக்காதேங்கோ."

"நான் ஏன் ராசா கோவிக்கிறன். ஏலாட்டி என்ன செய்யிறது."

போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தா. இப்ப கண் ரெண்டும்தான் தெரியுது, இன்னும் சிவப்பு மாறேல்லை. பின்னால பஸ்ஸுகள் பாம் பாம் எண்டு கத்திக்கொண்டே நிண்டுதுகள்.

"வாய் எரிஞ்சதாமெல்லே, நாளைக்கு மிளகைக் குறைச்சு இளங்கோவிட்டைக் குடுத்து விடுறன்."