மஞ்சள் படாத கை

கோதைநாயகியின் வயிறு இரண்டு நாள்களாக முறுக்கிக்கொண்டிருந்தது. குடல் அழற்சியைத் தணிக்கும் மஞ்சள்தூள் மாத்திரைகளை வைத்திருந்த தானியங்கி மருந்துப் பெட்டி, மாலைதோறும் அவளுடைய விரலை முகர்ந்து பார்த்த பின்னரே திறக்கும். விரலில் மஞ்சள் மணம் இருந்தால், "இன்றைய அளவு உள்ளே சென்றுவிட்டது" என்று கூறி மூடிக்கொள்ளும். மூத்த மகளின் நலங்கில் அவள் ஆசையோடு மஞ்சள் பூசினாள்; அன்று மாலை பெட்டி திறக்கவில்லை. மறுநாள் கெட்டிமேளத்தைக் கழிவறைக்குள் இருந்துதான் கேட்டாள்.

இன்று இளைய மகள் இளவெயினிக்கு நலங்கு.

"பெத்தவ கை வைக்காம நாங்க எப்படி ஆரம்பிக்கிறது, அண்ணி? கையில என்ன, மருதாணியா காயுது?" என்று நாத்தனார் இடித்துரைத்தாள்.

வருவது வரட்டும் என்று கோதைநாயகி மஞ்சள் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதம்மா!" மணையில் அமர்ந்திருந்த இளவெயினி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு நீ என் பக்கத்துல நிக்கணும்."

தானே மஞ்சளை அள்ளிக் கன்னங்களில் பூசிக்கொண்டு, தாயின் முன் தலையைத் தாழ்த்தினாள்.

கோதைநாயகி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, குனிந்து, மகளை உச்சி முகர்ந்தாள்.