வாலுவுக்கு மாத்திரை

"நீங்களே கொடுத்துடுங்க, என்னால முடியாது" என்று மனைவி அடுத்த அறைக்குள் போய்விட்டாள்.

வாலுவுக்குத் தோல் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, அந்த நாயைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். குழந்தை இல்லாத வீட்டில் அதுதான் செல்லப்பிள்ளை. ஆனால் சில நாட்களாக அவள் மாத்திரை டப்பாவைத் தொடுவதில்லை. வாலு வாந்தி எடுத்தால் துடைப்பதில்லை. தடவிக் கொடுப்பதுகூட இல்லை. கணவனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

பரிசோதனைக்குத் தனியாகத்தான் தூக்கிப் போனான்.

"கட்டி நல்லா சுருங்கியிருக்கு. மருந்து வேலை செய்யுது" என்றார் கால்நடை டாக்டர்.

"என்ன பிரயோஜனம் டாக்டர்? என் மனைவிக்கு இவன் வேண்டாதவனாயிட்டான். கிட்டயே வர்றதில்ல."

"நான்தான் ஜாக்கிரதையா இருக்கச் சொன்னேன். போன்ல கேட்டாங்களே! இது வீரியமான மருந்து. கர்ப்பமா இருக்கிறவங்க மாத்திரையையும் தொடக்கூடாது, இவன் வாந்தி, மூத்திரத்தையும் தொடக்கூடாது."

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு தடவை கலைஞ்சப்போ நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்தத் தடவை நிலைச்சப்புறம் சொல்லலாம்னு..."

அவன் வாலுவை மெல்லக் கீழே இறக்கிவிட்டான்.

"தடவிக் கொடுக்கலாமாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.