எந்தக் கால்

கட்டுப் போட வந்தவளின் மடியில் பிச்சைக்கனியின் குதிகால்.

தோல் உரிந்து ஓரத்தில் சுருண்டிருந்தது. உள்ளே சிவப்பு. சுற்றிலும் பழைய வெடிப்புகள், உப்பு அறுத்தவை.

கொப்புளத்தைப் பிய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். பிச்சைக்கனி பிய்த்திருந்தாள்.

பழைய செருப்போடு வாருங்கள் என்றும் சொல்லியிருந்தாள். மதுரைக்கு நடந்து புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே உப்பளக் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நகத்தை நேராக வெட்டுங்கள். விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உட்காருகிற இடத்திலெல்லாம் காலைக் காயவிடுங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அறுபது பெண்களும் புதுச் செருப்பில் வந்து நின்றார்கள். குதிகாலை உரசும் பின்வார் வைத்தது.

பிய்ந்த செருப்போடு போய் பூட்ஸ் கேட்டால் அதிகாரி மதிப்பாரா என்று அவளையே கேட்டார்கள்.

மூன்றாம் நாள். மதுரைக்கு இன்னும் இரண்டு நாள் நடை. மூடிக்கிடந்த எடைமேடைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவள். அவள் அம்மாவும் உப்புப் பாத்தியில் நின்றவள்தான். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு இவர்களோடு வந்திருந்தாள்.

பையில் ஒரே ஒரு சுருள் கட்டுத்துணி மிச்சமிருந்தது. மருந்துக்கடை எட்டு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஊரில்.

மதுரையில் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுக்கப் போகும் மனுவில் முதல் கோரிக்கை பூட்ஸ். உப்புப் பாத்தியில் இறங்க, முழங்கால் வரை.

கம்பெனி ஒரு முறை கொடுத்தது. பிச்சைக்கனியை வரப்பில் நிறுத்தி, மாட்டிவிட்டு, படம் எடுத்தார்கள். எடுத்ததும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தாயிற்று என்று அந்தப் படத்தை மேலே அனுப்பினார்கள்.

அதிகாரியிடம் அதைப் பிச்சைக்கனிதான் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பவள் அவள்.

நடந்து வந்தவர்கள்தான் அதிகாரியின் அறைக்குள் போவது. பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. வேனில் வந்தவள் வெளியே நிற்க வேண்டும்.

வேன் தலைவருடையது.

அவர் உப்பளத்துக்காரர் அல்ல. நடைக்கு ஆதரவு கொடுத்த கட்சித் தலைவர். ஊர் வரும்போது காரிலிருந்து இறங்குவார். ஊர் முடிந்ததும் ஏறிக்கொள்வார். யாராவது நொண்டினால் வேனில் ஏற்றிவிடச் சொல்லி அவருடைய உதவியாளர் டிரைவருக்கு உத்தரவு போட்டிருந்தார். நடை சுணங்கினால் தலைவரின் மேடை சுணங்கும். நேற்று ஏழு பேரை ஏற்றினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே ஏறினாள்.

கார் வந்து நின்றது.

உதவியாளர் போட்டோகிராபரோடு இறங்கி விஷயத்தைச் சொன்னார். சாயங்காலப் பேப்பருக்கு ஒரு படம் வேண்டும். தலைவர் காலுக்கு ஒரு கட்டு. இரண்டு நிமிட வேலை.

தலைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து ஷூவைக் கழற்றினார். பிறகு சாக்ஸை.

பாதங்களில் ஒரு கீறல் இல்லை. சாக்ஸின் ரப்பர் மட்டும் கணுக்காலில் தடம் பதித்திருந்தது.

“எந்தக் கால்ண்ணே?” என்றாள்.

தலைவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் போட்டோகிராபரைப் பார்த்தார்.

“இடது,” என்றார் போட்டோகிராபர். “வெளிச்சம் அந்தப் பக்கம்தான் விழுது.”

வலி எங்கே என்று வெயிலைக் கேட்டுச் சொல்கிறார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வந்தது. உதவியாளர் திரும்பியதும் நின்றது.

தலைவர் இடது காலை நீட்டினார்.

அவள் சுருளைப் பிரித்தாள். பிச்சைக்கனியின் குதிகாலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

உதவியாளர் குனிந்தார். தணிந்த குரலில் பேசினார். நடைப்பயணத்துக்கு அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். மூன்று நாளாகச் சோறு யாருடையது என்று கேட்டார்.

பிச்சைக்கனி காலை இழுக்கப் பார்த்தாள். பாதியை அவருக்கு விடு தாயி என்றாள்.

“அவருக்கு எங்க மதினி புண்ணு?”



நான்கு சுற்றுப் போதும். அவள் முழுச் சுருளையும் சுற்றினாள். கடைசி முழம் வரை. முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

உதவியாளர் தன் தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்தார். மண்டியிட்டு, தலைவரின் இடது காலில் தானே கட்டினார். தலைவர் கண்களை லேசாக மூடிக்கொண்டார். படம் எடுத்தார்கள்.

கார் போயிற்று.

எட்டு கிலோமீட்டர். செருப்பின் பின்வாரை மடித்துவிட்டு பிச்சைக்கனி நடந்தாள். தார் இளகியிருந்தது. கட்டுப் போட்டவள் பக்கத்திலேயே நடந்தாள். நுனிக்காலில் பாரம் போடாதீர்கள், பாதத்தை முழுசாக வையுங்கள் என்றாள். முழுசாக வைத்தால் வலிக்கும். நுனிக்காலில் நடந்தால் நொண்டுவது தெரியும்.

பிச்சைக்கனி முழுசாக வைத்தாள்.

வேன் பின்னாலேயே முதல் கியரில் உலுக்கி உலுக்கி வந்தது. டிரைவர் தலையை நீட்டி, கால் எப்படியிருக்கிறது, ஏறிக்கொள்கிறாயா என்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமில்ல. ஒம்ம வண்டிதான் நொண்டுது.”

அவர் சிரித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். ஆனால் விலகவில்லை.

ஊர் எல்லையில் கார் நின்றிருந்தது. மேளம் தொடங்கியது. தலைவர் இறங்கி முன்வரிசைக்கு வந்தார். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மாடிகளில் போன்கள் உயர்ந்தன.

தலைவர் நொண்டி நடந்தார்.

கட்டு இடது காலில் இருந்தது. இழுத்தது வலது காலை.

பாவம், எவ்வளவு தூரம் நடந்தாரோ என்றார் ஒரு பழக்கடைக்காரர்.

இரண்டு வரிசை பின்னால் பிச்சைக்கனி. குதிகாலில் கட்டு நனைந்து சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் வேன். அதன் கதவு திறந்திருந்தது.

பிச்சைக்கனி நொண்டவில்லை.