இடுப்பு ஜாதகம்

"உன் மெஷின் ஒரு தப்பு சொன்னாலும் தூக்கிட்டுக் கிளம்பிடணும், சஞ்சய்," என்றார் லிங்கராஜபுரத்து எலும்பு டாக்டர் ஆஞ்சலா.

அந்த எக்ஸ்ரே மெஷினை வாங்க மாட்டோமென்று ஏற்கெனவே இரண்டு ஆஸ்பத்திரிகள் சொல்லிவிட்டன. ஆனாலும் அதை விற்க வந்த சஞ்சய் அசருகிற ஆளில்லை.

"தப்பா? முப்பதாயிரம் எக்ஸ்ரே பார்த்துப் பழகினது மேடம். இடுப்பு மூட்டோட வெளிக்கோட்டை வெச்சே, யாருக்கு எலும்பு தேயும், யாருக்குத் தேயாதுன்னு ஜாதகம் மாதிரி கணிச்சிடும்."

"அப்படியா? இது ஹெர்பர்ட் அங்கிள். வயசு எண்பது," என்று ஆஞ்சலா ஓர் எக்ஸ்ரேயை ஏற்றினார்.

மெஷின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து பார்த்தது. 'இந்த எலும்பு தேயவே தேயாது' என்று திரையில் அடித்துச் சொன்னது.

ஆஞ்சலா சிரித்தார். "எப்படிப்பா தேயும்? அது எலும்பே இல்ல. போன மாசம் நானே வெச்ச டைட்டானியம் மூட்டு."

"அப்போ சரியாத்தானே சொல்லியிருக்கு மேடம்?" என்றான் சஞ்சய். "மெஷினை எந்த ரூம்ல வெக்கட்டும்?"