மூன்று மில்லிமீட்டர்

“டயர்ல இருபத்தெட்டு மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. அளந்தா முப்பத்தொண்ணு. யாரை ஏமாத்தப் பார்க்கறீங்க தம்பி?”

சைக்கிள் கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்காவின் கையில், மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் வெர்னியர் காலிபர். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சரக்கு திரும்பிப் போய்விடும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் அந்தக் கருவி மட்டும் பையை விட்டு இறங்காது.

“குறைச்சுக் கொடுத்தா திட்டுவாங்க. கூடக் கொடுத்துத் திட்டு வாங்கறது நான் ஒருத்தன்தான்க்கா” என்றான் கடைக்காரன்.

“சிரிக்காதீங்க. மழையில சேறு ஒட்டினதும் மட்கார்டுல உரசுது. கிர்ர் கிர்ர்னு தெருவே வேடிக்கை பார்க்குது. அதனாலதான் அளந்தேன்.”

“அக்கா, டயர்ல எழுதியிருக்கறது குத்துமதிப்புதான். ரிம் அகலமா இருந்தா டயரும் அதுக்கேத்த மாதிரி விரியும். குறுகின ரிம்முல இதே டயர் ஒல்லியா நிக்கும்.”

“என்னோடது குறுகின ரிம்தானே?”

கடைக்காரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒரு வாக்கியம் அதிகமாகப் பேசிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது.

“போன வருஷம் சாக்கடை மூடியோட கம்பி இடுக்குல சக்கரம் மாட்டி, கை உடைஞ்சுது. அப்பவே தெளிவா சொன்னேனே, அகல டயர் மட்டும் வேண்டாம்னு. போட்டா, பயந்துட்டா பாருன்னு ஃபாக்டரியே சிரிக்கும். சொன்னதைக் கேக்கற அக்கறைகூட உங்களுக்கு இல்ல.”

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

“உங்களைச் சொல்லி என்ன? வீட்டு மனுஷனுக்கே இல்ல. விழுந்ததுக்கப்புறம் நான் சைக்கிளை எடுத்தாலே, திரும்பி வர்ற வரைக்கும் வாசல்ல நிப்பாரு. இப்ப ஒரு மாசமா எட்டிக்கூடப் பார்க்கறதில்ல. நான் போனாலும் டிவி, வந்தாலும் டிவி. அலுத்துப் போச்சு போல.”

சொல்லிக்கொண்டே குனிந்து, ரிம்மில் இருந்த சேற்றை விரலால் வழித்தாள். இன்னொரு இடத்திலும் வழித்தாள்.

“கம்பி கீறின தடம் இருக்கணுமே? இது என் ரிம்மே இல்ல!”

மற்றவர்கள் நகரும் வரை கடைக்காரன் காத்திருந்தான். அப்புறம் தலையைச் சொறிந்தான்.

“சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா.”

“யார்கிட்ட?”

“உங்க வீட்டுக்காரர்கிட்டதான். போன மாசம் சர்வீஸுக்கு விட்டீங்களே, அன்னிக்கே பின்னாடியே வந்தாரு. ‘பெரிய டயர் போட்டா நம்பரைப் படிச்சுடுவா. நம்பர் மாறாம அகலமாக வழி இருக்கா?’ன்னு கேட்டாரு. ரிம்மை மாத்தினா மூணு மில்லிமீட்டர் வரைக்கும் விரியும்னேன். ‘இருங்க வரேன்’னு போனவரு, வீட்டுலேர்ந்து ஸ்கேலை எடுத்துட்டுப் போய், நடுரோட்டுல மண்டி போட்டு அந்தச் சாக்கடை மூடியை அளந்துட்டு வந்தாரு. அத்தனை வண்டியும் ஹாரன் அடிச்சுதாம்.”

அவள் சேற்று விரலால் அந்த ரிம்மைத் தொட்டுப் பார்த்தாள்.

“‘இடுக்கு முப்பதுதான் இருக்கு. முப்பத்தொண்ணு உள்ள போகாது, மாட்டிடுங்க’ன்னாரு. வண்டியை ஓட்டிட்டுக் கிளம்பும்போது, ‘இனிமே நானும் வீட்டுக்குள்ள உக்காரலாம் தம்பி’ன்னு சொல்லிச் சிரிச்சாருக்கா.”

அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் சேறு அப்பிக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை.

கடைக்காரனுக்குப் பயம் வந்துவிட்டது. “பழைய ரிம் பத்திரமா இருக்கு. இப்பவே மாத்திடட்டுமாக்கா?”

“வேண்டாம். மட்கார்டை மட்டும் கொஞ்சம் தூக்கி வைங்க.”

தூக்கி வைத்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். உரசவில்லை. காலிபரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறியவள், ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினாள்.

“அவரு வந்து கேட்டா, அக்கா காலிபர் வெச்சு அளந்தாங்க, சரியா இருபத்தெட்டுதான் இருந்துதுன்னு சொல்லிடுங்க தம்பி.”