இயற்கை மேசை

இன்ஸ்பெக்டர் மாரிஸ் வகுப்புக்குள் வந்ததும் நேராக இயற்கை மேசைக்குத்தான் போனார்.

மேசை காலி.

கடற்கரையில் கிடைக்கும் பத்து வகைச் சிப்பிகள் பெயரெழுதி அதில் இருக்க வேண்டும். பாடத்திட்டம் அப்படி. நியூசிலாந்தின் இந்தக் கரையோரத்தில் எங்கள் மாவோரிப் பள்ளிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வேலிதான்.

எனக்கு அலுத்துப்போயிருந்தது. பதினோரு வருடமாக உதவி ஆசிரியை. இவர் இன்று நல்லபடியாக எழுதினால் பள்ளி என் கைக்கு வரும். இல்லையென்றால் நகரத்திலிருந்து இன்னொரு தலைமையாசிரியர் வருவார். எங்கள் மொழியில் வாய் திறக்கும் பிள்ளைகளை அவரும் பிரம்பால் விளாசுவார்.

இன்ஸ்பெக்டர் கோட்டுப்பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். வரும் வழியில் பொறுக்கினாராம். இதற்கு என்ன பெரிய கஷ்டம் என்றார்.

முன்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"கடலுக்கு ராஹூயி போட்டிருக்கு சார்," என்றேன். "தடை. ஆள் முழுகிப் போயிட்டா, உடம்பு கிடைக்கிற வரைக்கும் அந்தத் தண்ணியில நாங்க எதையும் எடுக்க மாட்டோம்."

மூன்று வாரமாக ஊரில் ஒரு வீட்டிலும் மீன் இல்லை. பிள்ளைகள் மதியத்துக்கு வெறும் ரொட்டியும் சர்க்கரைவள்ளியும் கொண்டு வருகிறார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"உங்காளு எவனாவது குடிச்சிட்டு விழுந்திருப்பான். அதுக்காகப் பாடத்தை நிறுத்துவீங்களாக்கும்? பாவம், உங்க ஹெட்மாஸ்டர் பிரிட்சர்ட் உயிரோட இருந்திருந்தா இந்தக் கூத்தை விட்டிருப்பாரா?"

விட்டிருக்க மாட்டார்தான். அவர் இறந்த செய்தியை இலாகாவுக்கு எழுதியவள் நான். 'விபத்து' என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அறிக்கையைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார்.

"அவருக்குத்தான் சார் போட்டிருக்கு," என்றேன். "நீங்க வர்றீங்கன்னு, இந்த மேசைக்குச் சிப்பி எடுக்கப் பாறைக்குப் போனார். ஊர்ல எல்லாரும் வேண்டாம்னாங்க. உடம்பு இன்னும் கிடைக்கல."

பேனா அப்படியே நின்றது. அவர் சிப்பியைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

முன்வரிசையிலிருந்து ஹினேவை என்ற சிறுமி எழுந்தாள். பிரிட்சர்டின் பிரம்புத் தழும்பு இன்னும் மறையாத கையை நீட்டி, கை கழுவும் குழாய் எந்தப் பக்கம் என்று அவருக்குக் காட்டினாள்.